டார்ச் அடித்துப் படித்த திரை

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அர்த்தனாரி நாற்பது வரைக்கும் எண்ணுவார். அதற்கு மேல் எண்ண வயிறு விடாது. மூக்குக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்புவலிக்குக் கட்டிய பெல்ட்டை ஒரு துளை தளர்த்திவிட்டு, இந்தத் தடவையோடு மலைக்கு ஒரு கும்பிடு என்று சொல்லிக்கொள்வார். போன தடவையும் அதைத்தான் சொன்னார்.

பேளுக்குறிச்சியில் சந்தைக்கு எதிர்ச்சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து அவருக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சந்தைக்கு எதிரே கடை போட்டவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதைச் சொன்னாலும் முதலில் பாதிக்குக் கேட்பது. இடுப்புக்குப் பார்த்த டாக்டர் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்றபோது, "அஞ்சு நாள்ல முடிச்சுக்கலாங்களா?" என்று கேட்டவர். டாக்டர் ஏழுக்கு இறங்கி வந்தார். அர்த்தனாரி ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. ஆனாலும் மூன்று நாள் மிச்சம் பிடித்த திருப்தி அவருக்கு இன்னும் இருக்கிறது.

இன்றைக்கு மலையேறக் காரணம் ஒரு பழைய மானிட்டர். மலைமேல் எடப்புளி நாடு என்ற வட்டாரத்தில் ஒரு சின்ன ஊரில், வீட்டு முன்னறையில், கலைச்செல்வி என்ற பெண் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் என்று சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் காகிதம் எடுத்துக் கொடுக்கும் ஒரே இடம் அது. பி.காம். முடித்து, கல்யாணம் கட்டி வந்து, மூன்று வருடம் குச்சிக்கிழங்கு பிடுங்கிய பிறகு அவளுக்குக் கிடைத்த நாற்காலி. அந்த மானிட்டரை விற்றவரே அர்த்தனாரிதான். நாமக்கல்லில் மூடிப்போன ஒரு ஆபீஸிலிருந்து மொத்தமாக எடுத்த பதினாறில் ஒன்று.

"அழுத்தற பொத்தானே கெடையாது அம்மிணி, தேயறதுக்கு என்ன இருக்குது? கீழ அஞ்சு புள்ளி இருக்குது பாரு. தொட்டாப் போதும்" என்று சொல்லித்தான் விற்றார். அந்த 'தொட்டாப் போதும்' என்ற சொல்லுக்கே தனியாக ஒரு விலை போட்டிருந்தார்.

இப்போது தொட்டால் போதவில்லை. கார்த்திகையில் ஆரம்பித்தது தொந்தரவு. ஒருநாள் திரை தானாக மங்கியது. இன்னொரு நாள் அதன் பாஷை சீன மொழிக்கு மாறியது. பிறகு வெளிச்சம் அடியோடு இறங்கிவிட்டது. ஏற்றலாம் என்றால் ஐந்து புள்ளியில் எதைத் தொட்டாலும் அசைவில்லை. அர்த்தனாரி கீழே இருந்தபடியே போனில் வைத்தியம் பார்த்தார். "பிளக்கப் புடுங்கிட்டு அரை மணி நேரம் உடு." விட்டாள். "மெனுப் புள்ளி மேல வெரல வெச்சு பத்து எண்ணு. பூட்டு உளுந்திருந்தா தொறந்துக்கும்." பத்து என்ன, நூறு எண்ணினாள். நாலாவது தடவை கூப்பிட்டபோது அவள் குரலில் அழுகை இல்லை, வெறும் சலிப்புதான் இருந்தது. அழுகை என்றால் அர்த்தனாரி சமாளித்திருப்பார். சலிப்பு அவருடைய சொந்தச் சரக்கு. அதை இன்னொருவர் கையில் பார்க்க அவருக்குத் தாங்காது.

"இன்னிக்கு ஒரு நாள்தானுங்க அண்ணா. பொழுது உளுகறதுக்குள்ள எரியலீன்னா நாளைக்குக் காலைல இந்த ரூம்புல மொளகு மூட்டை ஏறிருங்க. மாமா சொல்லிப்போட்டாரு."

புருஷன் சந்தோஷ்குமார் லாரியில் போனால் திரும்ப இருபது நாள். வீட்டில் மாமனார் வைத்ததுதான் சட்டம்.

பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மைல் நடந்து, பனியில் நனைந்த சட்டையோடு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. முன்னறையில் கலைச்செல்வி மவுஸைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காகிதத்துக்கு வந்த கண்ணாயி, செல்போன் டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் எழுத்துகள் ஆவி மாதிரி வந்து போயின.

"கொஞ்சம் மேல அடிங்க அத்தை... இன்னும் மேல. ம், உங்க பேரு வந்துருச்சு. ஊட்டுக்காரரு பேரு எங்க போச்சு?"

"அந்தாளு உசுரோட இருக்கறப்பவே தேடித்தான் புடிக்கோணும்" என்றாள் கண்ணாயி. அர்த்தனாரியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க சாமி, நீங்கதான் ரிப்பேர்காரருங்களா? ரெண்டு மாசமா இந்தக் கடைக்கு டார்ச்சு இல்லாம ஆரும் வாரதில்லீங்க. சினிமாக் கொட்டாயில லேட்டா வந்தவனுக்கு சீட்டு காட்டறாப்பல ஆயிப்போச்சு எங்க பொழப்பு."

கலைச்செல்வி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "நீங்க வாரீங்கன்னு காலைல மானிட்டரை ஈரத்துணி போட்டு நல்லா தொடச்சு வெச்சேனுங்க அண்ணா" என்றாள். பெண்பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணை மினுக்கி வைத்த மாதிரி மானிட்டர் பளபளத்தது. அர்த்தனாரி எலுமிச்சம்பழத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இடுப்பு ஒரு தடவை முனகியது.

அதற்குள் மாமனார் குழந்தைசாமி வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் காயவைத்த மிளகு கொஞ்சம். ஐப்பசியில் இலவச முகாமில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பற்றித்தான் பேச்சு.

"வாப்பா. சட்டைல மூணாவது பொத்தான் மாத்தித் தெச்சிருக்கற, நூலு வேற கலரு" என்றார் வாசலிலிருந்தே.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"

"தெரியறதா? மொளகுக் கொடில போற எறும்பு ஆணா பொண்ணான்னு சொல்லிருவேன்." சிரித்துவிட்டு, முகத்தைச் சரக்குப் பார்க்கிற முகமாக மாற்றிக்கொண்டார். "இங்க பாரு தம்பி. போன வருசம் மொளகு எடமில்லாம தாவாரத்துல கெடந்து பூசணம் புடிச்சுப்போச்சு. பாதி வெலைக்குக்கூட கேக்க ஆளில்ல. எனக்கு இந்தப் புள்ளை மேல கோவமில்ல. பொட்டி எரிஞ்சா கடை, எரியலீன்னா மூட்டை. புதுப் பொட்டி வாங்கறதுங்கற பேச்சே வேண்டாம்."

நியாயமான பேச்சுதான். நியாயமாகப் பேசுகிறவனிடம் பேரம் பேசுவதுதான் கஷ்டம். அர்த்தனாரி பையைத் திறந்தார்.

முதலில் பிளக்கைப் பார்த்தார். மூன்று கால் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தன. இரண்டு ஓட்டை பெட்டிக்குள் நுழைய வேண்டும் என்று யாரோ எர்த் காலை ஒடித்திருந்தார்கள். அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது. எர்த் இல்லாவிட்டால் தொடு புள்ளிகள் கிறுக்குப் பிடித்தாற்போல நடக்கும் என்பது அவர் அனுபவம். புதுப் பிளக்கை மாட்டி, சுவரில் இருந்த நல்ல சாக்கெட்டுக்கு ஒயரை இழுத்தார். ஸ்விட்சைப் போட்டார். திரை அதே கார்த்திகை மாதத்து அமாவாசையாக இருந்தது. புள்ளிகளைத் தொட்டார். ஒன்றுமில்லை.

கேபிளை மாற்றினார். கரண்டைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு வரக்காப்பி குடித்தார். மெனுப் புள்ளியில் விரல் வைத்துப் பத்து எண்ணினார், இருபது எண்ணினார், மலைப்பாதையைப் போலவே நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"உங்க வெரலு செத்துப்போச்சோ என்னமோ, நான் வெச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கண்ணாயி தன் விரலை வைத்தாள். அதற்கும் மானிட்டர் மசியவில்லை. "என்ற வெரலுக்கு எங்கூட்டு எருமைகூட அடங்கும். இது எருமையவிட மோசமா இருக்குதே."

மணி இரண்டாகிவிட்டது. கலைச்செல்வி அறையின் மூலையை ஒரு தடவை பார்த்தாள். நாளைக்கு எந்த மூட்டை எங்கே வரும் என்று அளந்து பார்க்கிற பார்வை. அர்த்தனாரிக்குத் தன் களைப்பின்மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. மானிட்டரைக் கையில் தூக்கினார். அதன் கீழ்விளிம்பு விரலுக்குச் சில்லென்றது. ஈரம். காலையில் போட்ட ஈரத்துணியும், தை மாதத்துப் பனியும் விளிம்பு இடுக்கில் உட்கார்ந்திருந்தன.

"அம்மிணி, அடுப்பு எரியுதா?"

"எரியுதுங்க. ஏனுங்க?"

"இவனக் குளிர் காய வெக்கோணும்."

அடுப்படியில், அனல் நேராகப் படாமல் நாலடி தள்ளி, ஒரு முக்காலியில் மானிட்டரை வைத்தார்கள். அர்த்தனாரி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் இடுக்கைத் துடைத்தார். பஞ்சில் மஞ்சளாக ஏதோ வந்தது. குளவி மண்ணாக இருக்கும் என்று எறிந்தார். மலையில் குளவி கூடு கட்டாத சாமான் ஏது? ஒரு மணி நேரம் போனது. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து இடுப்புக்கு அனல் காட்டிக்கொண்டார். யாருக்கு வைத்தியம் நடக்கிறது என்று சந்தேகம் வரும்படி இருந்தது அந்தக் காட்சி.

திரும்ப மாட்டி ஸ்விட்சைப் போட்டு, மெனுப் புள்ளியைத் தொட்டார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. உள்ளே எல்லாம் சீன எழுத்து. பதினாறு மானிட்டரைத் துடைத்து விற்றவருக்கு எழுத்து எதற்கு? கீழே இரண்டு, வலப்பக்கம் ஒன்று, மேலே நாலு என்று இருட்டில் தன் வீட்டுப் படியேறுகிறவர்போல விரலை நகர்த்தினார். பாஷை திரும்பியது. வெளிச்சக் கோடு ஒவ்வொரு கட்டமாக ஏறியது. அறைக்கே விடிந்த மாதிரி இருந்தது.

கண்ணாயி டார்ச்சை அணைத்தாள். "அடேங்கப்பா, இந்தப் பொட்டிக்குள்ள இத்தன கலரு இருந்துச்சா!"

கலைச்செல்வி சிரிக்கவில்லை. நேராக உட்கார்ந்து கண்ணாயியின் வருமானச் சான்றைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அர்த்தனாரி கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார். ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

குழந்தைசாமி வந்து திரையைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "எரியுது. சொன்ன சொல்லு சொல்லுதான். கடை இருக்கட்டும்" என்றார். "வெள்ளிக்கெழமை. காலைலயே வெச்சிருக்கோணும், நீ வாரீன்னு நிறுத்தி வெச்சேன்." உள்ளே போய்த் தட்டோடு வந்தார். தட்டில் குழைத்த சந்தனம், குங்குமம், ஒரு கற்பூரம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வீட்டில் சோறு போடுகிற சாமான்களுக்கெல்லாம் பொட்டு உண்டு. கொடுவாளுக்கு, களைக்கொத்துக்கு, மிளகு அளக்கும் படிக்கு. பெரியவர் குனிந்து, புதுக் கண்ணால் குறி பார்த்து, மானிட்டரின் கீழ்விளிம்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று அச்சடித்த மாதிரி ஈரச் சந்தனம் வைத்தார். கட்டைவிரல் தடிமனுக்கு.

ஐந்தாவது பொட்டு விழுந்த கையோடு திரையில் அந்தச் சின்னக் கட்டம் தானாகத் திறந்தது. வெளிச்சக் கோடு, ஏறிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறை மறுபடி இருண்டது.

கண்ணாயி சத்தமில்லாமல் டார்ச்சைப் போட்டாள்.

"என்னப்பா இது?" என்றார் குழந்தைசாமி. "நீ பஸ் ஏறறதுக்கு முந்தி உன்ற ரிப்பேரு ஊரு போய்ச் சேந்துருச்சா?"

அர்த்தனாரி, எறிந்த பஞ்சை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து முகர்ந்தார். குளவி மண் இல்லை. சந்தனம்.

"ஏனுங்க, இந்த எடத்துல எப்ப இருந்து பொட்டு வெக்கறீங்க?"

"ஆபரேசனுக்கு அப்பறந்தான். அது வரைக்கும் கண்ணு தெரியாம உச்சில குத்துமதிப்பா ஒண்ணு அப்பிட்டு இருந்தேன். கண்ணத் தொறந்து பாத்தா, கம்பெனிக்காரனே கீழ அளவா அஞ்சு எடம் உட்டு வெச்சிருக்கறான். விசயம் தெரிஞ்சவன்."

கலைச்செல்விக்கும் புரிந்துவிட்டது. மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாதீங்க என்று கண்ணால் கெஞ்சினாள். அவள் கெஞ்சியதில் அர்த்தம் இருந்தது. 'உங்க பொட்டாலதான் கெட்டுது' என்று வெளியாள் முன்னால் சொல்லிவிட்டால், மனசு கோணிய மனுஷனுக்கு அப்புறம் பெட்டி எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? நாளைக் காலையில் மூட்டை ஏறிவிடும். சொல்லாமல் போனாலோ, அடுத்த வெள்ளிக்கிழமை ஏறும்.

கொண்டுவந்த நோட்டு கள்ள நோட்டு என்று வாடிக்கைக்காரரிடம் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாது என்பது சந்தையில் பாலபாடம். எங்கோ கை மாறி வந்திருக்கும் என்று ஆரம்பிக்க வேண்டும்.

"தப்பு என்ற மேலதானுங்க" என்றார் அர்த்தனாரி. "விக்கறப்ப தொட்டாப் போதும்னு சொன்னேன். ஆரு தொட்டா, எதுல தொட்டான்னு சொல்லாம உட்டுட்டேன். இந்தப் பொட்டிக்குக் கண்ணு கெடையாதுங்க. அந்தப் புள்ளி மேல ஈரமா எது பட்டாலும் மனுசன் வெரலுன்னு நெனச்சுக்கும். சந்தனம் காயற வரைக்கும் ஒரு ஆளு அஞ்சு வெரலையும் எடுக்காம அழுத்திட்டு இருக்கறாப்பல. பனிக்காலத்துல அது எங்கீங்க காயுது?"

குழந்தைசாமி மானிட்டரைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். "அப்ப ரெண்டு மாசமா நாந்தான் வெளிச்சத்தக் கொறச்சுட்டு இருந்தனா?"

"நீங்க இல்லீங்க. உங்க சந்தனம்."

"சந்தனம் ஆரோடது?"

கண்ணாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டார்ச் குலுங்கியது. அர்த்தனாரி ஈரத்தைத் துடைத்து, ஸ்பிரிட் போட்டு, புள்ளியைத் தொட்டார். வெளிச்சம் ஏறியது. ஒரு சொட்டுச் சந்தனத்தைத் தன் விரலாலேயே வைத்துக் காட்டினார். இறங்கியது. மறுபடி துடைத்து ஏற்றினார். இதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை.

"அதுக்காவ பொட்டு வெக்காம உட முடியாது" என்றார் பெரியவர். "சோறு போடற சாமான வெறும் நெத்தியா உக்கார வெக்கறதா?"

அர்த்தனாரிக்கு மூச்சு வந்தது. பேரம் ஆரம்பித்துவிட்டது என்றால் ஆள் கடையை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

"உச்சில ஒண்ணு வெச்சுக்கங்க."

"அஞ்சு."

"ரெண்டுங்க."

"என்னப்பா, சந்தையா இது? அஞ்சு வெச்சுப் பழகிப்போட்டு ரெண்டுக்கு எறங்குனா சாமி என்ன நெனைக்கும்? ஏறலாம், எறங்கக்கூடாது."

"செரிங்க, அஞ்சே இருக்கட்டும். எண்ணிக்கை உங்க இஷ்டம். எடம் நான் சொல்றது."

விலையில் விட்டுக்கொடுத்து, சரக்கு இறக்கும் இடத்தில் பிடித்துக்கொள்வது பழைய வித்தை. குழந்தைசாமிக்கும் அது தெரியும். ஆனாலும் தலையாட்டினார். மானிட்டரின் உச்சியில் ஒன்று. சி.பி.யு. பெட்டிக்கு ஒன்று. பிரிண்டர் மூடிக்கு ஒன்று. மேஜைக்கு ஒன்று. நாலாயிற்று. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் சுற்றிப் பார்த்தார். கை பிளக் பெட்டியை நோக்கிப் போனது.

"அய்யய்யோ, அங்க வேண்டாமுங்க! அங்க ஈரம் பட்டா ஆளே போயிருவோம்."

"என்ற டார்ச்சுக்கு வெய்யுங்க" என்று கண்ணாயி செல்போனை நீட்டினாள். "ரெண்டு மாசம் இந்தக் கடைக்குச் சோறு போட்டது இதுதானுங்களே."

"அதுவும் தொட்டாப் போதுங்கற சாதிதான் தாயி. முன்னால வேண்டாம், பொறவால வெய்யுங்க" என்றார் அர்த்தனாரி.

பின்பக்கம் வைக்கப்பட்டது. கணக்கு நேரானது. பெரியவர் கற்பூரம் காட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது, அறையின் மூலையைப் பார்த்துச் சொன்னார்: "கடை இருக்கட்டும். ஆனா மொளகுக்கு எடம் வேணுமில்ல? அந்த மூலைல ஒரு நாலு மூட்டை."

"ஒண்ணு மாமா" என்றாள் கலைச்செல்வி. அன்று முழுக்க மாமனாரிடம் வாய் திறக்காதவள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"மூணு."

"ரெண்டு. பிரிண்டர் பக்கம் வேண்டாமுங்க, தூசி போகும். மாசி கடைசில எடுத்துரோணும்."

பெரியவர் அர்த்தனாரியைப் பார்த்தார். அர்த்தனாரி விட்டத்தைப் பார்த்தார். ரெண்டுக்கு முடிந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது கலைச்செல்வி கூலி கேட்டாள். எழுபது வளைவு, இடுப்பு, புதுப் பிளக், ஒரு நாள் கடை அடைப்பு எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஒரு தொகை சொன்னார். அவள் சரியாக அதில் பாதிக்குக் கேட்டாள். அர்த்தனாரிக்கு அந்த டாக்டரின் நினைப்பு வந்தது. அவரைப் போலவே பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுகொண்டார்.

பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. பனி இறங்கி, கண்ணாடிக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் தேய்ந்துபோன பிரிண்ட் மாதிரி தெரிந்தன. ஐந்தாவது வளைவில் வயிறு புரண்டது. பையைத் துழாவினார். சட்டைப் பாக்கெட்டைத் துழாவினார். அப்போது போன் அடித்தது.

"அண்ணா, நல்லா எரியுதுங்க. ரெண்டு மூட்டையும் எறக்கியாச்சு" என்றாள் கலைச்செல்வி. "உங்க எலுமிச்சம்பழத்த மேசை மேலயே உட்டுட்டுப் போயிட்டீங்க."

"அடுத்த பஸ் டிரைவருகிட்ட குடுத்து உட முடியுமா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா. மாமா அதை ரெண்டா அறுத்து, குங்குமம் தடவி, கடை வாசல்ல ரெண்டு பக்கமும் வெச்சுப்போட்டாரு. கடைக்குக் கண்ணு பட்டுருச்சாமா."

அர்த்தனாரி போனை மடியில் வைத்தார். இன்னும் அறுபத்தைந்து வளைவு இருந்தது. பெல்ட்டை ஒரு துளை தளர்த்திவிட்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, எண்ண ஆரம்பித்தார்.